விலாசத்தில் ஆளில்லை

மே மாதம் ஆறாம் தேதியிலிருந்து, ஆல்மா ட்வைட்டின் பண்ணை வேலிக்குள் நுழைந்த பேட்ஜர் ஓடை மறுபக்கம் வெளியே வரவில்லை. அணை கட்டவில்லை, பள்ளம் விழவில்லை. தண்ணீர் போனது, அவ்வளவுதான்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். அமெரிக்காவில், மாண்டானா மாநிலத்தின் கிழக்கு ஓரத்து மாவட்டமான ஸ்டில்மேன் கவுண்டியில் ஓட்டுப் போடத் தகுதியுள்ளவர்கள் முந்நூற்றுப் பதினொரு பேர், மாடுகள் ஒன்பதாயிரம். வாக்காளர் பட்டியலை வைத்திருக்கும் பதிவாளர் லோவெல் ஹாஸ்காம்ப் போன தேர்தலில் ஒரே ஓட்டில் ஜெயித்து, அதை மக்கள் பேரெழுச்சி என்று சொல்லித் திரிந்தவர். இந்தமுறை தன் ஓட்டு அவருக்கில்லை என்று ஆல்மா தானியக் கிடங்கில் நாலு பேர் முன்னால் சொன்னாள். அவர் உடனே அவள் பண்ணை விலாசத்துக்கு ஒரு சரிபார்ப்பு அட்டை அனுப்பினார். அங்கே எந்த வீட்டுக்கும் தபால் போகாது. அவரவர் ஊருக்குள் வந்து தபால் நிலையப் பெட்டியைத் திறந்து எடுத்துக்கொள்வதுதான் வழக்கம். அட்டை திரும்பி வந்தது. விலாசத்தில் ஆளில்லை என்று பட்டியலிலிருந்து அவள் பெயரை அடித்தார். ஆள் இல்லையென்றால் பண்ணையும் இல்லை. இல்லாத நிலத்திலிருந்து தண்ணீர் எப்படி வெளியே வரும்?

ஓடை போகும் வழியில் அடுத்த நிலம் லோவெலுடையது. ஜூனில் அவருடைய மாட்டுத் தீவனப் பயிர், குதிரைமசால், கருகியது. ஜூலையில் படிவத்தோடு வந்து நின்றார்.

"ஒரு கையெழுத்து போதும் ஆல்மா. மறுபடி சேத்துடறேன்."

"ஆளில்லாத வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு யார்கிட்டப்பா பேசுற?" என்றாள் அவள், தனக்கு மட்டும் காபி ஊற்றிக்கொண்டு.

வெகுநேரம் கெஞ்சவிட்டபின் ஒரு நிபந்தனை சொன்னாள்.

"அதே அட்டைய உன் வீட்டு விலாசத்துக்கு நான் போடறேன். உன் கைக்கு வந்துட்டா கையெழுத்து."

"என்னைத் தெரியாதவன் இந்தக் கவுண்டியில இருக்கானா?" என்று சிரித்தார் லோவெல். தனக்கென்றால் தபால்காரி முப்பது மைல் வண்டி ஓட்டுவாள் என்று மனதார நம்பினார்.

அவள் ஓட்டவில்லை. ஒன்பதாம் நாள் அட்டை, அதில் அச்சிட்டிருந்த அனுப்புநர் விலாசப்படி, அவர் அலுவலக மேசைக்கே திரும்பியது. அதை இழுப்பறையில் பூட்டினார்; பட்டியலில் அவர் பெயர் இருந்த வரி மதியத்துக்குள் வெளுத்துவிட்டது. சாயங்காலம் நாற்காலியும் காலி.

மறுநாள் ஆல்மா போய், யாரும் இல்லாத அந்த மேசையில் கிடந்த பட்டியலில் தன் பெயரைத் தானே எழுதிக் கையெழுத்திட்டாள். ஓடை அவள் வேலியை விட்டு வெளியே வந்து, நேராக அதற்கடுத்த பண்ணைக்குள் பாய்ந்தது. நடுவில் இருந்த லோவெலின் இரண்டு மைலைக் காணோம். வரைபடக்காரர் கோட்டைத் திருத்திக்கொண்டார். செப்டம்பரில் பள்ளிப் பேருந்து நாலு நிமிடம் முன்னதாகவே வர ஆரம்பித்தது.