ஓசூர் ரோட்டில் இறங்கினோம்

எழுபத்தொன்றாம் வருஷம், கல்லறைத் திருநாள் சாயங்காலம். பெங்களூரைச் சுற்றிக் காட்டும் பஸ்ஸில் என் தங்கை ரோசம்மா மடியில் மெழுகுவர்த்திப் பொட்டலத்தோடு உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் அருள்நாதன் கட்டட வேலைக்கு வந்த இடத்தில் சாரம் சரிந்து செத்துப்போனான். எங்களுக்குத் தகவல் வருவதற்குள் கூட வேலை செய்தவர்களே ஓசூர் ரோடு கல்லறையில் புதைத்துவிட்டார்கள். குழி எது என்று காட்ட அவர்களில் ஒருவரும் இப்போது இங்கே இல்லை.

பாப்பிரெட்டிப்பட்டியில் எங்கள் சனம், உறவுக்காரர் யார் வந்தாலும் முதலில் கல்லறைக்குத்தான் கூட்டிப்போகும். அப்புறம்தான் வீடு, காப்பி எல்லாம். ஊரைக் காட்டுகிறவன் கல்லறையைக் காட்டாமல் விடுவானா, குழி விவரமும் அவனுக்குத் தெரியாமலா போகும் என்று நம்பி இரண்டு பேரும் டிக்கெட் எடுத்தோம். எங்கள் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கைடு லால்பாக்கைக் காட்டினான், விதான சௌதாவைக் காட்டினான். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். இருட்டத் தொடங்கியதும் ரோசம்மா எழுந்தாள்.

"கல்லறை எப்பங்க வரும்? எங்க வூட்டுக்காரரு அங்கதாங்க இருக்காரு."

பஸ்ஸில் சிரிப்பு. "அதெல்லாம் டூர்ல இல்லம்மா" என்றான் கைடு.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "சிரிக்கிறவங்க வூட்ல யாரும் சாவலையா?" என்று கத்தினேன். சிரிப்பு நின்றது. கைடு சங்கடத்தோடு டிரைவரிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னான். பஸ் ஓசூர் ரோட்டுக்குத் திரும்பிக் கல்லறை வாசலில் நின்றது.

உள்ளே குழிக்குக் குழி வெளிச்சம், பூ, சாம்பிராணிப் புகை. குழி தெரியாதவர்கள் பெரிய சிலுவையடியில் ஏற்றுவதுதான் வழக்கம், நாமும் அப்படியே செய்யலாம் என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. மதில் ஓரம் இருட்டில் கிடந்த மண்மேடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சொந்தக்காரங்க வந்த குழியெல்லாம் வெளிச்சமா இருக்குதுண்ணா. அவருக்கு யாரு வந்திருப்பா? இருட்டுல கெடக்கறதுல ஒண்ணுதான் அவருது."

மெழுகுவர்த்திகளைத் துண்டு துண்டாக ஒடித்து, ஒரு மேடு விடாமல் ஏற்றிக்கொண்டே போனாள். நான் தோள் துண்டைக் காற்றுக்கு மறைப்பாகப் பிடித்தேன். வெளியே ஹாரன் அடித்தார்கள். சாவுச் சேதி வந்த அன்றுகூட அழாதவள், கடைசி மேட்டில் விழுந்து கதறி அழுதாள்.

"இதுதானாம்மா?" என்று கேட்டேன்.

"தெரியலண்ணா. இதுக்கு மேல தேட எடமில்ல."