நரம்பு முடிச்சில் நிற்கும் காவல்

தம்பியின் இடது கண் மறுபடியும் சிவந்து நீர் கொட்டத் தொடங்கிய வாரத்தில்தான் அக்காவின் ஆய்வுக்கூடம் கொண்டாட்டத்தில் இருந்தது. கண்ணைத் தாக்கும் ஹெர்பிஸ் வைரஸுக்கு எதிராக அவள் உருவாக்கிய தடுப்பூசி எலிகளின் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்களை எகிற வைத்திருந்தது. அதே வைரஸ்தான் தம்பியைப் பஸ் ஓட்டும் இருக்கையிலிருந்து இறக்கிவிட்டது. இப்போது பணிமனையில் டயர் கழற்றி மாட்டுகிறான்.

அக்காவுக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. வைரஸைக் கொடுத்துப் பார்த்தபோது, ரத்தத்தில் புரதம் நிறைந்திருந்த எலிகளிலேயே சிலவற்றின் கருவிழி பால் ஊற்றினாற்போல் வெளுத்துப் போயிருந்தது.

"ரத்தம் நல்லா இருக்கு, எழுதி அனுப்பிடும்மா. மிச்சத்தைப் பிறகு பாத்துக்கலாம்" என்றார் ஆய்வுக்கூடத் தலைவர். கெட்டவரில்லை, கூடத்தைத் தனியாளாகத் தூக்கி நிறுத்திக் களைத்தவர்.

"கண்ணு போன பிறகு ரத்தம் நல்லா இருந்து என்ன சார் பிரயோஜனம்? நல்லா இருக்கிற எலி ஏன் நல்லா இருக்குன்னு பாத்துட்டு எழுதறேன்."

அவர் பெருமூச்சு விட்டார். தடுக்கவில்லை.

அன்று மாலை தம்பியைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். டாக்டர் விளக்கைக் கண்ணில் அடித்துப் பார்த்துவிட்டு, வைரஸை விட வீக்கம்தான் அதிகம் என்றார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் தம்பி கேட்டான்.

"அப்போ என் கண்ணைக் கெடுத்தது யாரு?"

"உன் உடம்புதான். கிருமியை விரட்ட வந்த செல்லுங்க, அது ஓடின பிறகும் அடிக்கிறதை நிறுத்தல."

"வேலியே பயிரை மேஞ்சுடுச்சு."

"ஆமாடா. கிருமி கண்ணுக்குப் பின்னால ஒரு நரம்பு முடிச்சுல போய்ப் படுத்துக்குது. நீ அசந்தப்போ எழுந்து வருது."

"படுத்திருக்கிற இடத்துலயே அமுக்க முடியாதா?"

"அதைத்தான் பாக்கப் போறேன்."

மறுநாள் முதல் எலிகளின் நரம்பு முடிச்சுகளைச் சாயமேற்றிப் பார்த்தாள். கண் தெளிவாக இருந்தவற்றின் முடிச்சுக்குள், கிருமி புகுந்த செல்களைக் கொல்லும் டி-செல்கள் என்ற வெள்ளணுக்கள் மொய்த்துக் கிடந்தன. கண் வெளுத்தவற்றில் ஆங்காங்கே ஒன்றிரண்டுதான். அதைக் கண்டதும் துள்ளிக் குதிக்கவில்லை. பக்கத்தில் நிற்பவனெல்லாம் காவல்காரன் ஆகிவிட முடியாதே.

ஊசி போட்டு நன்றாக இருந்த மற்ற எலிகளில் பாதிக்கு மட்டும் அந்தச் செல்களை மருந்தால் ஒழித்தாள். பிறகு எல்லா எலிகளின் கண்ணிலும் புற ஊதா ஒளி பாய்ச்சித் தூங்கும் வைரஸை உசுப்பினாள். முதல் தடவை குளிரூட்டி பழுதாகி மாதிரிகள் அத்தனையும் வீணாயின. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். இரண்டாம் தடவை விடை பளிச்சென்று வந்தது: செல்களை இழந்தவற்றின் கண்ணில் வைரஸ் தலைகாட்டியது, மற்றவற்றில் எழவேயில்லை.

தலைவர் படங்களை நெடுநேரம் பார்த்தார். "புரதத்தை மட்டும் பாத்து எழுதியிருந்தா அசடு வழிஞ்சிருப்பேன்" என்றார். "இனிமே ஊசியை எப்படி மாத்துவே?"

"ரத்தத்துல புரதத்தை ஏத்துறது போதாது சார். இந்தச் செல்லுங்களை முடிச்சுக்குக் கூப்பிட்டு அங்கேயே குடிவைக்கணும். கண்ணுல கலவரமும் பண்ணக்கூடாது. அடுத்து முயல்ல பாக்கலாம். அதுங்களுக்கு வைரஸ் தானாவே எழுந்து வரும்."

சேதியைத் தம்பிக்குச் சொன்னபோது அவன் வைரஸை அடக்கிவைக்கும் தினசரி மாத்திரையை விழுங்கிக்கொண்டிருந்தான்.

"எனக்கு உதவுமாக்கா?"

அவளுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை. "உன் கருவிழித் தழும்பை ஊசி அழிக்காதுடா. அதுக்கு மாற்றுக் கருவிழி வைக்கணும். புதுசா வச்சதையும் கிருமி மறுபடி கெடுக்காம இந்த ஊசி காக்குமான்னு கேட்டா, காக்க வைக்கத்தான் வேலை பாக்கறேன்."

"எத்தனை வருஷம் ஆகும்?"

"தெரியாது. விடமாட்டேன்."

அவன் தலையசைத்தான். "நானும் மாத்திரையை விடல" என்றான்.

திங்கட்கிழமை முயல்கள் வந்து இறங்கின. அவள் கையுறையை மாட்டிக்கொண்டு முதல் கூண்டைத் திறந்தாள்.