ஏழாம் வரிசை

அண்ணன் என்மீது வழக்குப் போட்டிருக்கிறான் என்று கேட்டதும் முதலில் சிரிப்புதான் வந்தது. பிறகு ஆத்திரம் வந்தது. அந்த எரிச்சலோடுதான் விசாரணை நடந்த மூன்று நாளும் நீதிமன்ற பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கென்று ஒரு சின்னக் கணினி மொழி. அதில் முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டளைகள். அத்தனையும் நான் எழுதியவை. அண்ணன் ஊர் ஊராய்ப் போய் விற்றான். வாய்ப்பேச்சில் அவனை மிஞ்ச ஆளில்லை. வியாபாரம் சூடு பிடித்ததும் கையேட்டின் முதல் பக்கத்திலிருந்து என் பெயர் காணாமல் போனது. கேட்டதற்கு, "வீட்டுப் பொண்ணு கூடமாட ஒத்தாசை பண்ணே. அதுக்குப் பேரு வேற போடணுமா?" என்றான். உரிமைப் பதிவிலும் தான் ஒருவனே எழுதியதாகக் கையெழுத்துப் போட்டிருந்தான். மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினேன்.

ஆறு வருடம் கழித்து அந்த மொழியைத் தனியாக, முதலிலிருந்து மறுபடி எழுதி விற்கத் தொடங்கினேன். உள்ளே எல்லாம் புதுசு. கட்டளைகளின் பெயர்களும் அவை அடுக்கப்பட்ட முறையும் மட்டும் பழசு. அவற்றை மாற்றினால் நிலையங்கள் ஏற்கெனவே எழுதி வைத்திருக்கும் நிரல்கள் என்னுடையதில் ஓடாது. இதைத்தான் திருட்டு என்றான் அண்ணன். தோற்றால் நான் கடையை மூட வேண்டும்.

"கட்டளைப் பேரெல்லாம் யார் வேணாலும் பயன்படுத்தலாம்னு வாதாடலாம்மா," என்றார் என் வக்கீல்.

"வேண்டாம் சார். பேரும் அடுக்கும் எழுதினவங்க சொத்துன்னு அண்ணன் தரப்பே நிரூபிக்கட்டும். நீங்க குறுக்க பேசாதீங்க."

"விளையாடுறீங்களா? கடை போயிடும்."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினேன். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குப் பிறகு அவர்கள் வாதத்தை ஓர் இடத்திலும் மறுக்கவில்லை.

மூன்று நாள் அண்ணன் தரப்பு நிரூபித்தது. பெயர் வைப்பது படைப்பு, அடுக்குவது படைப்பு, படைத்தவனுக்கே உரிமை. மூன்றாம் நாள் அண்ணனின் வக்கீல் தன் கடைசி ஆயுதத்தை எடுத்தார்.

"ரெண்டு மொழியிலயும் அட்டவணையோட முதல் வரிசைக்கு நம்பர் ஏழு. எல்லாரும் ஒண்ணுல ஆரம்பிப்பாங்க, இல்ல பூஜ்யத்துல ஆரம்பிப்பாங்க. இந்தம்மாவுக்கு மட்டும் ஏன் ஏழு? பாத்து எழுதினதாலதான்."

என் வக்கீல் எழுந்து, கூண்டில் நின்ற அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "நீங்க ஏன் ஏழு வச்சீங்க?"

அண்ணன் தொண்டையைச் செருமினான். "ரொம்ப யோசிச்சு வச்சது. அதுல ஆழமான கணக்கு இருக்கு. சொன்னா எல்லாருக்கும் புரியாது."

கணக்காவது கத்தரிக்காயாவது. எங்கள் முதல் வாடிக்கையாளரின் ரிப்போர்ட் தாளில் மேலே ஆறு வரி அச்சடித்த முகவரி. எழுத்து அதன்மேல் விழாமலிருக்க வரிசையை ஏழிலிருந்து எண்ணினேன். சோம்பேறித்தனத்தில் செய்த தப்பு. திருத்த நினைத்தபோது இருநூறு நிலையங்களின் நிரல்கள் அந்தத் தப்பை நம்பியே ஓடிக்கொண்டிருந்தன. அதனால்தான் புதிதிலும் வைத்தேன்.

என் வக்கீல் நான் கொடுத்திருந்த தாளை நீதிபதியிடம் நீட்டினார். அதே ரிப்போர்ட் தாள், மேலே ஆறு வரி முகவரி. ஏழாம் வரியிலிருந்து என் பொடிக் கையெழுத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு கட்டளைகளும், பின்பக்கம் வரைக்கும். அடியில் அண்ணன் கையால், தேதியோடு இரண்டு வரி. நீதிபதி அதை வாய்விட்டே படித்தார்.

"படிச்சேன். எனக்கு ஒண்ணும் புரியல. நீயே பாத்துக்கோ."

பின்பெஞ்சில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அண்ணன் முகம் செத்துப்போனது. எனக்குக் குளுகுளுவென்று இருந்தது. அதை மறைக்கவும் எனக்குத் தோன்றவில்லை.

படைத்தவருக்கே உரிமை என்ற அவன் வாதத்தை நீதிபதி அப்படியே ஏற்றுக்கொண்டார். படைத்தவள் நான். மூன்று மாதத்துக்குள் அவன் தன் மொழியிலிருந்து முந்நூற்றுப் பன்னிரண்டையும் எடுத்துவிட வேண்டும்.

அடுத்த வாரம் அண்ணன் முதன்முறையாக என் கடைக்கு வந்தான். உட்காரச் சொல்லவில்லை.

"எடுத்துட்டா யாரோட நிரலும் ஓடாது. நான் நடுத்தெருவுலதான் நிக்கணும். அம்மாவுக்காகவாவது விட்டுக்கொடு."

"அம்மாவ இழுக்காத."

மேசைமேல் இருந்த என் கையேட்டைத் திருப்பிப் பார்த்தான். "முதல் பக்கத்துல உன் பேர போட்டுடறேன். போதுமா?"

"நான் கேட்ட அன்னிக்கே போட்டிருந்தா போதுமா இருந்திருக்கும்."

தொலைபேசி அடித்தது. அவனுடைய பழைய வாடிக்கையாளர். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னேன்.

"ஆமாங்க, என்னோடதும் ஏழுலதான் ஆரம்பிக்குது. நீங்க எதையும் மாத்த வேண்டாம்."