மூடினால்தான் ஒழுகும்

பல் டாக்டர் பொத்தானை அழுத்தியதும் காரின் கூரை முதுகைத் தூக்கிக்கொண்டு எழுந்தது. பின்னால் டிக்கி வாயைப் பிளந்தது. இரும்புக் கூரை மூன்றாக மடிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளே போய்ப் படுத்துக்கொள்ள, டிக்கி மூடிக்கொண்டது. அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. என் மனைவி கைதட்டிவிட்டாள். வாங்க வந்த இடத்தில் கைதட்டுவார்களா? பிறகு எந்த முகத்தோடு விலையைக் குறைக்கச் சொல்வது? டாக்டரின் தோளில் கிடந்த குழந்தை தூக்கத்தில் சிணுங்கியது. இன்னொன்று வீட்டுக்குள் வீறிட்டுக்கொண்டிருந்தது. இரட்டைப் பிள்ளைகள் பிறந்து நான்கு மாதமாகிறதாம். இரண்டே சீட் உள்ள காரை ஏன் விற்கிறீர்கள் என்று அதற்கு மேல் கேட்க வேண்டியிருக்கவில்லை.

நான் இன்ஷூரன்ஸ் சர்வேயர். மோதி நசுங்கிய கார்களைச் சுற்றி வந்து, சேதம் எவ்வளவு என்று எழுதிக்கொடுப்பது என் பிழைப்பு. வேலை நேரத்தில் முழு உருவத்தில் ஒரு காரைப் பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை. தலைக்கு மேல் ஒன்றுமில்லாத காரில் என் மனைவி போவதை நினைத்தாலே அந்த நசுங்கிய கார்கள்தான் கண்முன் வந்து நின்றன. அவளோ விற்பனை விளம்பரத்தில் இந்தக் காரின் படத்தைப் பார்த்த நாளிலிருந்து ஒற்றைக்காலில் நின்றாள். இருபத்தாறு வருடமாக டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவளிடம் நேருக்கு நேர் வேண்டாம் என்று சொல்லும் தைரியம் எனக்கு எங்கே இருக்கிறது? அதனால் முந்தின நாளே மெக்கானிக்கான அவள் தம்பிக்குப் போன் போட்டேன்.

"மாப்ளே, ஏதாவது ஒரு குறை கண்டுபிடிச்சுடு. கொஞ்சம் பெருசாவே இருக்கட்டும்."

"பழைய கார்ல குறைக்கா பஞ்சம்? விடுங்க மாமா" என்றான்.

ஆனால் வந்து இறங்கியதும் மைத்துனன் என்னை மறந்தேபோனான். நல்ல காரைப் பார்த்தால் அவனுக்கு உலகமே மறந்துவிடும். கூரையைப் பத்துத் தடவை திறந்து மூடினான். ஒவ்வொரு தடவையும் காதைச் சாய்த்து மோட்டார் சத்தத்தைக் கேட்டான். டிக்கிக்குள் தலையை விட்டு, தரைவிரிப்பைத் தூக்கி, அடியில் தடவி, விரலை மோந்து பார்த்தான். கூரையைத் தூக்கும் குழாயில் எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று டார்ச் அடித்தான். "என்ன கண்டிஷன்!" என்று அவன் முணுமுணுத்தபோது நான் இருமினேன். நிமிர்ந்து பார்த்தவனுக்கு அப்போதுதான் நான் யாரென்று ஞாபகம் வந்தது.

"மாமா, நீங்க உள்ள உட்காருங்க. தண்ணி அடிச்சுப் பார்த்துடலாம்."

கூரையை மூடி, தோட்டத்துக் குழாயை இழுத்து வந்து, மேலே பீய்ச்சினான். உள்ளே உட்கார்ந்து காத்திருந்தேன். இரண்டாவது நிமிடத்தில் என் வழுக்கையின் நட்டநடுவில் ஒரு சொட்டு விழுந்தது. பிறகு இன்னொன்று. வாழ்க்கையில் நனைந்ததற்காக நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. கதவைத் திறந்து தலையைக் காட்டினேன்.

"கூரை ரப்பர் போயிருச்சுக்கா" என்றான் மைத்துனன், என் முகத்தைப் பார்க்காமல். "இந்த மாடலுக்கு ரப்பர் கிடைக்கிறது குதிரைக்கொம்பு. வேணாம்க்கா."

டாக்டர் குழந்தையை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டு பெருமூச்சு விட்டார்.

"மூடினாத்தானேடா ஒழுகும்?" என்றாள் என் மனைவி. "நான் எதுக்கு மூடப் போறேன்?"

பிறகு அவளே தம்பியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டாள். "சரி விடு. வேணாம்னா வேணாம். இவ்வளவு தூரம் வந்துட்டோம், ஒரு ரவுண்டு மட்டும் போயிட்டு வந்துடறேன்."

கூரை திறந்தது. டாக்டர் சாவியை அவள் கையில் கொடுத்தார். வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று காரைச் சுற்றிப் போய், பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். ஸ்கூல் காரில் வாத்தியாருக்கென்று தனி பிரேக் இருக்கும். அதைத் தேடிக் காலை நீட்டினாள். ஆளில்லாத ஸ்டியரிங்கைப் பார்த்து, "ம், முதல்ல கண்ணாடியச் சரி பண்ணுங்க" என்றாள்.

நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். சாவி தன் கையிலேயே இருப்பதை அவள் பார்த்தாள். அப்புறம் சிரித்தாள் பாருங்கள், கண்ணில் தண்ணீர் வரும் வரை. டாக்டர் சிரித்தார், மைத்துனன் பானெட்டில் கையூன்றிச் சிரித்தான். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டுக் காரையும் நான்தான் ஓட்டுவேன். அவள் ஓட்டட்டுமே என்று ஒருநாள்கூட எனக்குத் தோன்றியதில்லை. வெட்கமாக இருந்தது.

இறங்கி, சுற்றிவந்து, ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்தாள். நான் அவள் விட்ட இடத்தில் ஏறிக்கொண்டேன். தெருமுனை வரை பதவிசாகப் போனவள், பெரிய சாலைக்கு வந்ததும் மிதித்தாள். காற்று என் சட்டையைப் பலூனாக்கியது. அவள் தலைமுடி பறந்து என் வாயில் புகுந்தது. ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி ஒரு லாரியை அலட்சியமாக முந்தினாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் கார் ஓட்டும்போது எப்படியிருப்பாள் என்று எனக்குத் தெரியாமலே போயிருக்கிறது. சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"நான்தான் உன் தம்பிய..." என்று ஆரம்பித்தேன்.

"என்னது? காத்துல ஒண்ணும் கேக்கல! சத்தமாச் சொல்லுங்க!"

மூச்சை இழுத்துக்கொண்டு, தொண்டை கிழியக் கத்தினேன். "நான்தான் உன் தம்பியக் குறை சொல்லச் சொன்னேன்! கார் நல்ல கார்!"

அதற்குள் அவள் சிக்னலில் நிறுத்திவிட்டிருந்தாள். காற்று நின்றுபோயிருந்தது. பக்கத்தில் ஒரு பஸ் நின்றது. என் வாக்குமூலம் பஸ் முழுக்கக் கேட்டுவிட்டது. என் மனைவி ஸ்டியரிங்கில் விரலால் தாளம் போட்டபடி நேராகச் சாலையையே பார்த்தாள். கோபமா, சிரிப்பை அடக்குகிறாளா, தெரியவில்லை.

மேலே ஜன்னலிலிருந்து ஒரு பெண் எட்டிப்பார்த்தாள்.

"அப்போ வாங்கப் போறீங்களாக்கா?"

என் மனைவி கட்டைவிரலை என் பக்கம் நீட்டினாள். பஸ்ஸின் அத்தனை ஜன்னல்களிலும் தலைகள் என்னை நோக்கித் திரும்பின. ஒளிந்துகொள்ளத் தலைக்கு மேல் கூரை இல்லை. சிக்னல் இன்னும் சிவப்பாகவே இருந்தது.