ஃப்ரீசருக்குப் போட்ட கட்டு

என் வீட்டுக்காரர் கிரண்குமார் நகரியில் ஆறு விசைத்தறிக்கு முதலாளி. அது போதாதென்று வீட்டில் பீரும் காய்ச்சுகிறார். இது சட்டப்படி சரியா என்று ஒருநாள் கேட்டேன். "சத்தமா கேக்காத துர்கா" என்றார். பதில் புரிந்துவிட்டது.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு, என் மாமனாரின் தறிகளைப் பார்க்க ஊர் திரும்பியவர். கூட இருந்தவர்கள் "கிரண் கதை முடிஞ்சிது" என்று சிரித்தார்களாம். மூன்று வருடமாக அந்தச் சிரிப்பு இவர் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது. மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூட்டத்து அஷ்வினும் இன்னும் இரண்டு பேரும் திருமலையில் தரிசனம் முடித்து நேராக இங்கே வருவதாகச் சொன்னார்கள். பெருமாளைப் பார்த்த கையோடு பீர். நல்ல பக்திமான்கள். அவர்கள் வாயை அடைக்க, எவர்சில்வர் பீப்பாயில் இருபது லிட்டர் தயாரானது. அதைக் குளிரவைக்க ஒரு பழைய பெட்டி ஃப்ரீசரும் வந்தது.

வீட்டுக்குள் பெருமாள் படம் இருக்கிறது, அந்தச் சனியன் வெளியேதான் என்று சொல்லிவிட்டேன். தறிக்கொட்டகைக்குப் பின்னால் தகரக் கூரையின் கீழே வைத்தார். மே மாதம் அங்கே அப்பளத்தை வைத்தால் பொரிந்துவிடும். ஃப்ரீசர் ஓயாமல் உறுமியது. உள்ளே வைத்த வெப்பமானி பன்னிரண்டு டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை.

"நாலுக்கு வரணும் துர்கா."

"அர மணிக்கு ஒருதபா தொறந்து பாத்துக்கினே இருந்தா எப்டி வரும்?"

என் பிரசவத்தின்போதுகூட இத்தனை முறை எட்டிப் பார்த்தவர் இல்லை.

சனிக்கிழமை காலை முகம் வாடி நூல் வாங்கப் போனார். எனக்கே பாவமாகிவிட்டது. ஐஸ்கட்டியை உமியிலும் சாக்கிலும் மூடிவைத்தால் கரையாது என்று எல்லோருக்கும் தெரியும். எங்களிடம் கழிவு நூல் மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது. ஃப்ரீசரின் நான்கு பக்கமும் நூலைத் திணித்தேன். மோட்டார் இருக்கும் ஓட்டையையும் விடவில்லை. பழைய சேலையால் இறுக்கிக் கட்டினேன். படிக்காதவள் செய்த வேலை என்று யாரும் சொல்லமுடியாது. திருப்பதியில் எம்.எஸ்சி. பிசிக்ஸ் முடித்தவள் நான்.

மாலையில் உறுமல் நின்றது. நன்றாகக் குளிர்ந்து ஓய்வெடுக்கிறது என்று பெருமைப்பட்டேன். இவர் வந்து தொட்டுப் பார்த்துவிட்டு உடனே கையை எடுத்துக்கொண்டார்.

எலும்பு முறிந்தால் கட்டுப் போட்டுக்கொள்ளப் புத்தூர், ஃப்ரிட்ஜ் கெட்டாலும் எங்களுக்குப் புத்தூர்தான். ஞாயிறு காலை அங்கிருந்து மெக்கானிக் நாகையா வந்து சேலையை அவிழ்த்தார்.

"ஏம் சார், யாரு இதுக்கு புத்தூர் கட்டு போட்டது? பொட்டி சுத்தியும் தகட்டுக்குள்ள குழா ஓடுது. உள்ள இருக்கற சூட்ட அதுதான வெளிய தள்ளணும். இப்டி அடச்சா கம்ப்ரசர் செத்துப்போவாதா?"

இவர் என்னை ஒரு கணம் பார்த்தார்.

"நான்தான். தெரியாம கட்டிட்டேன்" என்றார் நாகையாவிடம்.

நாகையா சாமான்களை எடுத்துவைப்பதற்குள் விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். அவரே கதையைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார். சோடாக் கடை ஐஸ்கட்டி போட்ட பீரை டம்ளரில் வைத்துக்கொண்டு அஷ்வின் சிரித்தான்.

"சரியான தறிக்காரன் மூளைடா உனக்கு."

இவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். கை மட்டும் டம்ளர் விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தது. மூன்று வருடமாக இவரைக் கிண்டல் செய்வதில் எனக்குத்தான் முதலிடம். அன்றைக்கு அடுத்தவன் செய்தபோது பொறுக்கவில்லை.

"அவரு இல்லீங்க, கட்டனது நானு" என்றேன். "எம்.எஸ்சி. பிசிக்ஸ். இப்ப சிரிங்க."

யாரும் சிரிக்கவில்லை. அஷ்வின் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "பீரு நல்லாத்தான்டா இருக்கு" என்றான். அதற்கு இவர் காது வரை சிவந்துபோனார்.

புது ஃப்ரீசர் இப்போது ஹாலில் இருக்கிறது. பெருமாள் படத்துக்கு முன்னால் எங்கள் தறியில் நெய்த துணியைத் திரையாகத் தொங்கவிட்டிருக்கிறேன். அரை மணிக்கொருமுறை மானியைப் பார்ப்பது நான்தான்.