பின்வேலிக் கதவு

அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் ஒன்றுசேர்ந்து எல்லாப் பண்ணைகளையும் வளைத்து ஆளுயரக் கம்பிவலை வேலி போட்டு முடித்த அன்று, காட்டுநாய் ஒழிந்தது என்று பீர் குடித்துக் கொண்டாடினார்கள். ஒழிந்தது உண்மைதான். கூடவே கங்காருக்களுக்கு எமனும் இல்லாமல் போனான். சில வருடங்கள் கழித்து மழை பொய்த்தபோது கிளைவ் டிக்னரின் நிலத்தில் ஆடுகளைவிடக் கங்காருக்களே அதிகம் மேய்ந்தன.

அவனுக்கு வயிறு எரிந்ததெல்லாம் பண்ணையின் கடைசியில் வேலியை ஒட்டிக் கிடந்த மேய்ச்சல் நிலமான பின்காட்டை நினைத்துத்தான். சினையாடுகள் குட்டி போடும்போது மேயட்டும் என்று அவன் கட்டிக்காத்த புல் அது. வறட்சியில் மந்தையை விற்றதுபோக மிஞ்சியவை அந்த ஆடுகள்தான். அவையும் போனால் பண்ணை என்ற பெயருக்கு வேலிதான் நிற்கும். கங்காரு சுட உரிமம் வைத்திருப்பவனைக் கூப்பிட்டான். இறைச்சி வாங்கும் கிடங்கை மூடிவிட்டார்கள் என்று அவன் கையை விரித்தான்.

கிளைவ் தானே ஒரு யோசனை கண்டுபிடித்தான். பெரிய மேதாவி.

"பின்காட்டுத் தொட்டிக்குத் தண்ணியை நிறுத்திட்டேன். வேலிக்கு வெளிய ஒரு தொட்டி வச்சிருக்கேன். தாகம் எடுத்தா தானா வெளியேறிடும்," என்றான் மனைவி நோலீனிடம்.

அவள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்போ வேலிக் கதவைத் திறந்தா போட்டிருக்க? பக்கத்துப் பண்ணை பெவ்வுக்குத் தெரிஞ்சா உன்னை உரிச்சு அந்த வேலியிலயே காயப்போடுவா."

"அவகிட்ட யாரு சொல்லப்போறா?"

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில கட்டிக்காத, கிளைவ்."

"நாயைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு?"

"உள்ள பார்த்து வருஷமாச்சு. வெளிய போய் யாரு பார்த்தா?"

அவன் சிரித்து மழுப்பினான்.

யோசனை பலித்தது. சில நாட்களில் பின்காடு காலியானது. கிளைவ் சீட்டியடித்தபடி திரிந்தான். எதற்கும் இன்னும் கொஞ்ச நாள் கதவு திறந்தே கிடக்கட்டும் என்று விட்டுவைத்தான். பேராசைதான்.

பிறகு ஒரு மதியம் கங்காருக்கள் திரும்பி வந்தன. கொளுத்தும் வெயிலில் நிழல்தேடிப் படுத்துக்கிடக்க வேண்டியவை, பின்காட்டுக்கும் வீட்டுக்கும் நடுவிலிருந்த இடைவேலியைத் தாண்டி, வீட்டை ஒட்டிக் கூட்டம் கூட்டமாக ஓடின. சினையாடுகளின் தண்ணீர்த் தொட்டி வழியில்தான் இருந்தது. ஒன்றுகூட நின்று குனியவில்லை.

கிளைவ் வண்டியை எடுத்துக்கொண்டு பின்வேலிக்குப் பறந்தான். வெளித்தொட்டியில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது, குடிக்க ஒரு ஜீவன் இல்லை. கதவடிப் புழுதியில் கங்காருத் தடங்கள் எல்லாம் உள்நோக்கிப் போயிருந்தன. அவற்றின் மேலேயே நாய்த் தடங்கள். ஒரே ஒரு நாயின் தடமல்ல, பல நாய்களுடையவை. எல்லாம் உள்ளே போனவை. திரும்பி வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

இன்னும் எத்தனை வெளியே நிற்கின்றனவோ என்ற பயத்தில் கதவைச் சாத்திச் சங்கிலியை இழுத்துப் பூட்டினான். பூட்டிய பிறகுதான் உள்ளே போன நாய்களுக்கும் வெளியேற வழியில்லை என்பது உறைத்தது.

வண்டியில் ரேடியோ கரகரத்தது. பெவ்தான்.

"கிளைவ், என் ஆடுங்க எல்லாம் மிரண்டு மூலையில போய்க் குவியுது. குட்டிங்களை மிதிச்சுக்கிட்டு நிக்குது. உன் பக்கத்துக் கதவு மூடித்தானே இருக்கு?"

ஒலிவாங்கியை எடுத்தான். பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தான். அதற்குள் வீட்டுப் பக்கமிருந்து அவனுடைய ஆடுகள் கத்தும் சத்தம் காற்றில் வந்தது.

"இப்போதான் மூடினேன், பெவ்," என்றான்.