நான்காவது கல்

கம்பெனி கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பலகை மாட்டி இரண்டு வருடம் ஆகிறது. வாரம் தவறாமல் அதில் ஏதாவது ஒரு நாள் வந்துவிடும். தண்ணீர் நாள், தாய்மொழி நாள், ஹோலி, பிஹு, இப்தார், புத்த பூர்ணிமா, கை கழுவுகிற நாள். தோட்ட வேலை செய்யும் பச்சையப்பனுக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டது. எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். அவர் படித்து முடிப்பதற்குள் அந்த நாளே முடிந்துவிடும் என்று ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் லோகு கிண்டல் செய்வான்.

"வருசத்துல எல்லா நாளையும் எவனெவனோ எய்தி வாங்கிக்கினான்டா. சும்மா குந்திகினு இருக்கறதுக்கு ஒரு நாள் வுட்டானுங்களா பாரு," என்பார் பச்சையப்பன்.

பேச்சுத்தான் அப்படி. சத் பூஜைக்குப் பீகார் பையன்கள் கொடுத்த இனிப்பையும் அவர் விட்டதில்லை, நோன்புக் கஞ்சியையும் விட்டதில்லை. வாய் திட்டும், கை வாங்கும்.

பலகை வைத்தது எச்.ஆர். மேடம் அஸ்வினி. சோழவரத்திலிருந்து கம்பெனி வேனில் வருகிற பெண். தை மாதம் ஒரு ஃபாரத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனாள். உங்கள் ஊரில் என்ன விசேஷம், எந்தத் தேதி, சொல்லுங்கள், காலண்டரில் சேர்க்கிறேன் என்றாள். ஒடிசாக்காரன் தேர் சொன்னான், அசாம்காரன் பிஹு சொன்னான். பச்சையப்பன் செடிக்குத் தண்ணீர் விட்டபடியே, "எனக்கு ஒண்ணும் கெடையாதும்மா," என்றார்.

அது முழுப் பொய்.

கேன்டீனுக்குப் பின்னால், மதில் சுவரிலிருந்து பத்தடி உள்ளே, வேப்ப மரத்துக்குக் கீழே ஒரு கல் இருந்தது. முழங்கால் உயரம் மேலே, அதற்கு இரண்டு பங்கு மண்ணுக்குள்ளே. பச்சையப்பன் ஊரின் எல்லைக் கற்கள் ஏழில் அது நான்காவது. நிலத்தைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தவர்கள் கல்லை எழுதிக் கொடுக்கவில்லை. கல்லைப் பற்றி யாரும் நினைக்கவே இல்லை, அவ்வளவுதான். வைகாசியில் கங்கையம்மன் ஜாத்திரை வரும்போதுதான் நினைப்பு வரும். அன்று காலையில் ஊர் பம்பை அடித்துக்கொண்டு எல்லையைச் சுற்றும். ஒவ்வொரு கல்லிலும் மஞ்சளும் குங்குமமும் பிசைந்த பொலி சோற்றை ஒரு கை இறைத்து, "பொலி!" என்று ஒருவன் கூவ வேண்டும். "பொலியோ பொலி!" என்று கூட்டம் பதில் சொல்ல வேண்டும். ஒரு கல் விட்டாலும் எல்லை மூடாது. எல்லை மூடாமல் அம்மன் படி இறங்க மாட்டாள், கட்டிய காப்பையும் அவிழ்க்க முடியாது.

மதில் வந்த பிறகு ஊர் உள்ளே வர முடியவில்லை. பச்சையப்பன் உள்ளே வேலைக்குச் சேர்ந்தார். பன்னிரண்டு வருடமாக அன்றைக்கு டிபன் பாக்ஸில் பொலி சோற்றோடு வருவார். மதிலுக்கு வெளியே பம்பை நின்றதும் உள்ளே அவர் இறைத்துக் கூவுவார். வெளியே இருந்து பதில் வரும். பம்பை நகரும். கேன்டீன்காரர்கள் கேட்டால், "மயில ஓட்டறேன்," என்பார்.

ஏன் சொல்லவில்லை? சொன்னால் பிடுங்கிவிடுவார்கள். வேறொரு கம்பெனியில் ஒரு கிழவன் இப்படித்தான் வாயைத் திறந்தானாம். அடுத்த மாதம் அந்த இடத்தில் ஜெனரேட்டர் நின்றதாம். யார் சொன்னது என்று பச்சையப்பனுக்கு நினைவில்லை. ஆனால் நம்பினார். கெட்ட செய்தி என்றால் அவருக்குச் சாட்சி தேவையில்லை.

அதனால் ஆறு வருடத்துக்கு முன்பு ஒரு வேலை செய்தார். கம்பெனியில் வண்டி இடிக்காமல் இருக்க நட்டிருக்கும் இரும்புக் கம்பங்களுக்கெல்லாம் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை அடித்திருப்பார்கள். மீந்த பெயின்டை வாங்கி, கல்லுக்கும் அதேபோல அடித்துவிட்டார். சேஃப்டி ஆபீசர் அந்தப் பக்கம் போனபோது பார்த்து, "வெரி குட்," என்றார். அம்மன் கல் கம்பெனிக் கம்பமாகிவிட்டது. இனி எவன் கேட்பான் என்று பச்சையப்பன் நிம்மதியாக இருந்தார்.

இந்த வருடம் ஜாத்திரை செவ்வாய்க்கிழமை விழுந்தது. மே இருபத்தொன்று. பலகையிலும் அன்றைக்குப் பெரிதாக எழுதியிருந்தது: உலகப் பண்பாட்டுப் பன்மைத்துவ நாள். கேன்டீனுக்குப் பின்னால் வேப்ப நிழலில் சாயங்காலம் விழா, ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சாப்பாட்டுக் கடை.

திங்கட்கிழமை லீவு போட்டு ஊரில் கோயில் வேலை பார்த்த பச்சையப்பன், செவ்வாய் காலை ஒன்பதரை மணிக்கு டிபன் பாக்ஸோடு வந்தார். கேன்டீனைச் சுற்றித் திரும்பினார். தரை முழுக்கக் கிராவல் கொட்டிச் சமமாக்கி இருந்தது. ஷாமியானா கம்பு நட்டிருந்தது.

கல் இல்லை.

அங்கேயே நின்றுவிட்டார். மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. போன செவ்வாய் கட்டியது. காப்புக் கட்டியவன் எல்லை தாண்டக் கூடாது. கேட், ஆபீஸ், கேன்டீன் எல்லாம் கல்லுக்கு இந்தப் பக்கம்; ஷெட்டும் பழைய இரும்பு போடும் யார்டும் அந்தப் பக்கம். ஒரு வாரமாக அந்தப் பக்கச் செடிகளுக்குத் தண்ணீர் விடாமல் இந்தப் பக்கமே வேலை செய்தவர் அவர். இப்போது கல் இல்லாத இடத்தில் எல்லை எங்கே என்று காலுக்குத் தெரியவில்லை.

லோகு வண்டியோடு வந்தான். "இன்னா நைனா, பேயறைஞ்ச மாறி நிக்கற?"

"இங்க ஒரு கம்பம் இருந்துச்சே."

"அதுவா? நேத்து நான்தான் புடுங்கினேன். கால் தடுக்கும்னு மேடம் சொல்லிச்சு. யப்பா, இன்னா ஆழம்! கம்பம்னு பார்த்தா உள்ள கல்லு. யார்டுல கெடக்குது. பதினோரு மணிக்கு லாரி வருது, போய்டும்."

"எட்தாடா."

"நீயே போய்ப் பாரேன்."

"நான் அந்தப் பக்கம் வர முடியாது."

"ஏன், அங்க கடன்காரன் நிக்கறானா?"

பச்சையப்பன் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததைப் பார்த்து லோகுவும் நிறுத்திக்கொண்டான். "மேடம் சொல்லாம வண்டிய எடுத்தா எனக்குப் பேஜாரு, நைனா. போய்க் கேளு. வாயத் தொறந்து கேட்டா இன்னா, முத்தா கொட்டிடும்?"

பத்து மணிக்குப் பம்பை வந்துவிடும். பச்சையப்பன் கேட்டருகே இருந்த ஆபீஸ் வாசலுக்குப் போய், செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். பன்னிரண்டு வருடத்தில் அந்தப் படி ஏறுவது இரண்டாவது முறை. அஸ்வினி கலர் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"வாங்க ஐயா. பூந்தொட்டி எல்லாம் வெச்சாச்சா?"

"அந்தக் கல்லு வேணும்."

"எந்தக் கல்லு?"

"மஞ்சக் கறுப்பு. நேத்து புடுங்கினீங்களே. அது கம்பம் இல்ல, எங்க ஊர் எல்லக் கல்லு. இன்னிக்கு ஜாத்திர. பத்து மணிக்கு வெளிய ஊரே வந்து நிக்கும். கல்லு நடலன்னா எல்ல மூடாது."

அவள் கத்தரிக்கோலை வைத்தாள். "எல்லைக் கல்லுக்கு யாரு கம்பெனி பெயின்ட் அடிச்சது?"

"நான்தான்."

"எதுக்கு?"

"தெரியக் கூடாதுன்னு."

"ஃபாரம் எடுத்துகிட்டு உங்ககிட்டயும்தானே ஐயா வந்தேன்? ஒண்ணும் கெடையாதுன்னு சொன்னீங்களே."

"சொன்னா புடுங்கிடுவீங்கன்னுதான் சொல்லல."

"சொல்லாததாலதான் புடுங்கிட்டேன்."

சொல்லும்போதே அவள் முகம் வாடியது. எழுந்து அவருக்கு முன்னால் நடந்தாள்.

"லோகு! அந்தக் கல்லைக் கொண்டு வா, சீக்கிரம்! ரெண்டு பேரு கடப்பாரை, மண்வெட்டியோட வாங்க!"

பீகார் பையன்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஆனால் எங்கே தோண்டுவது? கிராவல் எல்லா இடத்தையும் ஒன்றாக்கிவிட்டது. வேப்ப மரத்திலிருந்து ஆறு அடி என்று பச்சையப்பன் ஒருமுறை அளந்தார், எட்டு என்று மறுமுறை. பயந்த காலுக்குக் கணக்கு நிற்காது.

அதற்குள் பம்பைச் சத்தம் கேட்டது. மதிலை ஒட்டியே வந்தது. வந்து, வெளியே ஒரு இடத்தில் நின்றது. பன்னிரண்டு வருடம் எங்கே நின்றதோ அங்கேயே.

பச்சையப்பன் காது கொடுத்தார். சத்தம் நின்ற இடத்துக்கு நேராக மதிலில் முதுகை ஒட்டி, அங்கிருந்து உள்ளே பத்தடி நடந்து, குதிகாலை ஊன்றினார். "இங்க தோண்டு."

இரண்டு வெட்டு வெட்டிக் கிராவலை விலக்கியதும் பொதபொதவென்று பழைய குழி வாயைத் திறந்தது.

வெளியே பம்பை ஓய்ந்துவிட்டது. ஊர்ப் பெரியவர் முனிகிருஷ்ணனின் குரல் மதில் தாண்டி வந்தது. "இன்னா பச்சையப்பா, உள்ள இருக்கறியா, தூங்கிட்டியா?"

"இருங்கய்யா! கல்லு இன்னும் எறங்கல!"

"கல்லு எங்கய்யா ஏறிச்சு?"

வெளியே ஒரே சிரிப்பு. லோகுவின் வண்டி கல்லைத் தூக்கிக்கொண்டு ஆடி ஆடி வந்தது. கயிற்றில் தொங்கிய கல்லைப் பையன்கள் பிடித்து இறக்கினார்கள்.

"திருப்பு. மூக்கு கெழக்கால இருக்கணும்."

"கல்லுக்கு மூக்கா?" என்றாள் அஸ்வினி.

"இதோ, இந்தப் பொடப்பு. அது எல்லைக்கு வெளிய பாக்கணும். ஊர் உள்ள பாத்தா நம்மளயே மொறைக்கும்."

திருப்பினார்கள். மண்ணைத் தள்ளி மிதித்தார்கள். பச்சையப்பன் டிபன் பாக்ஸைத் திறந்து, ஒரு கை சோற்றை அள்ளி, கல்லின் தலைக்கு மேல் இறைத்தார்.

"பொலி!"

குரல் கம்மிவிட்டது. வெளியே பதில் இல்லை. கேட்கவில்லை போல. மறுபடி மூச்சை இழுத்தார். அதற்குள் லோகு, எதற்கு என்று கூடத் தெரியாமல், வாயைக் குவித்துக்கொண்டு, "பொலீ!" என்று ஒரு கத்துக் கத்தினான்.

"டேய், நான்தான்டா கூவணும்!" என்று அவனை ஒரு தள்ளுத் தள்ளி, பச்சையப்பன் தொண்டை கிழியக் கூவினார். "பொலி!"

"பொலியோ பொலி!"

பம்பை மறுபடி எழுந்தது. மதிலோரமாகவே நகர்ந்து ஐந்தாவது கல்லை நோக்கிப் போனது. அவர் கல்லைப் பிடித்தபடி, சத்தம் தேயும்வரை நின்றார்.

சாயங்காலம் விழா நடந்தது. மைக்கில் யாரோ அசாமியப் பாட்டுப் பாடினார்கள். ஷாமியானா கல்லை விட்டு நான்கடி தள்ளிப் போயிருந்தது. அஸ்வினி காலண்டரும் பேனாவுமாக வந்தாள்.

"அடுத்த வருஷம் எந்தத் தேதின்னு சொல்லுங்க ஐயா. இப்பவே போட்டுடறேன்."

"தேதி கெடையாதும்மா. சித்திர கடைசியில ஊர் கூடி, அம்மன்கிட்ட பூ கேப்பாங்க. பூ வுழற அன்னிக்குத்தான் எங்களுக்கே தெரியும்."

"தேதி இல்லாம நான் எப்படி எழுதறது?"

பச்சையப்பன் யோசித்தார். காகிதத்தில் ஏறியது எதையும் அவர் இன்றுவரை நம்பியதில்லை. இனி நம்புவதாகவும் உத்தேசம் இல்லை.

"எய்த வாணாம்," என்றார். "பூ வுழுந்த அன்னிக்கு நானே வந்து சொல்றேன்."

"வருவீங்களா?"

"வருவேன்னு சொல்றேன் இல்ல?"

அவள் தலையாட்டிவிட்டு, பெயின்டைக் கல்லிலிருந்து எடுத்துவிட ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார் பச்சையப்பன். மடியிலிருந்து ஒரு தகட்டுத் துண்டை எடுத்தார். மஞ்சள் எப்படியும் அம்மனுக்கு உள்ளதுதான், அது இருக்கட்டும். கல்லுக்கு முன்னால் குந்தி, கறுப்பை மட்டும் சுரண்ட ஆரம்பித்தார்.